முப்பது குதிரைகளோடு வராத ஆண்டகை

மந்திரித்த மண்ணில் மனித ரத்தம் சிந்தினால் அந்த மண் தீட்டு. திருச்சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தீட்டுப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிணத்தைக்கூடப் புதைக்கக் கூடாது. தீட்டைக் கழிக்கும் அதிகாரம் பங்குச் சாமியாருக்குக் கிடையாது, ஆயர் ஒருவருக்கே உண்டு. அவர் நேரில் வரவேண்டும், வெறுங்காலோடு தோட்டத்தை மூன்று முறை சுற்றவேண்டும், சுற்றிக்கொண்டே தீர்த்தம் தெளிக்கவேண்டும். எத்தனை சொட்டு ரத்தத்துக்கு இந்த ஏற்பாடு என்று சட்டத்தில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் சொட்டுக் கணக்குப் பார்க்கிற அளவுக்கு அற்பமானவர்கள் அல்லர்.

கார்ல்மியர் ஊரில் சிந்தியது மூன்று சொட்டு.

சிந்திய மூக்கு ஆஸ்பெர்ட்டுடையது. சிந்த வைத்த கை அவன் பெண்டாட்டி ஹவிசாவுடையது. ஆயுதம், ஒன்றரை முழ நீளத்துக்கு வளர்ந்த ஒரு விலாங்கு மீன்.

சதுப்பு நிலத்து ஊர் அது. ஆண்கள் விலாங்கு பிடிப்பார்கள், ஹவிசா அதை வாங்கி விற்பாள். ஐந்து ஊர்ச் சந்தையில் அவளோடு பேரம் பேசி ஜெயித்தவன் ஒருவனும் கிடையாது. அப்படி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு போனவன் வீட்டுக்குப் போய் மீனை எண்ணிப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறான். தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்திலேயே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இருபத்தைந்து விலாங்கு கோத்த ஒரு முழுக் குச்சியை ஆஸ்பெர்ட் ரெண்டு முட்டைக்கோசுக்குக் கொடுத்துவிட்டான்.

"ஏன்யா, ஒரு குச்சி விலாங்கை ரெண்டு முட்டைக்கோசுக்கா குடுத்தே?"

"பாவம்டி அந்தம்மா. புருஷன் இல்லாதவ."

"அப்ப உன்னையும் குச்சியில கோத்துக் குடுத்துட்டு வந்திருக்க வேண்டியதுதானே!"

சொல்லி முடிக்கும் முன்பே விலாங்கு சுழன்றுவிட்டது. மூன்று சொட்டு. பங்குச் சாமியார் வாரின் ஓடிவந்து மண்டியிட்டு, விரலை நீட்டி எண்ணி, அந்த இடத்தின்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"மூணு. தோட்டம் தீட்டு."

"சாமி, இது மூக்கு ரத்தம்! சளி பிடிச்சாலே வரும்!"

"மூக்கு மனுஷன் மூக்குதானே அம்மா?"



அன்றிலிருந்து கார்ல்மியரில் செத்தவர்கள் எல்லாரும் படகில் ஏறி, ஆறு மைல் தாண்டி ஹார்ன்ஃபென் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுக்க ஹார்ன்ஃபென்காரர்களைத் திருடர்கள் என்று திட்டிய கிழவர் ஒருவர் இன்று இரண்டு ஹார்ன்ஃபென்காரர்களுக்கு நடுவில் படுத்திருக்கிறார். இப்படி ஐந்து பேர் போனார்கள். ஊர் ஹவிசாவைப் பார்த்த பார்வையில் மீன் கெட்டுப்போயிருக்கும்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். ஈஸ்டருக்குப் பிறகு ஆஸ்பெர்ட்டுக்கு இருமல் வந்தது. முதலில் சளி வந்தது, அப்புறம் சளியோடு வேறொன்றும் வந்தது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

"இந்தாடி," என்றான் ஒருநாள். "நான் மேபில் பக்கத்துலதான் படுப்பேன்."

மேபில் அவர்களுடைய ஒரே மகள். ஆறு வயதில் தண்ணீரில் போனவள். கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடத்தைப் பன்னிரண்டு வருடமாக ஆஸ்பெர்ட் புல் வெட்டி வைத்திருந்தான்.

"ஹார்ன்ஃபென்னுக்கு என்னைக் கொண்டுபோனீங்க, எந்திரிச்சு நடந்தே வந்துடுவேன். ஆயரைக் கூட்டிட்டு வா. அவர் வர்றவரைக்கும் நான் சாகறதா இல்ல."

"எத்தனை நாள் தாங்குவே?"

"செப்டம்பர் வரைக்கும்னு வெச்சுக்க. அதுக்கு மேல கேக்காத."

அவன் வாழ்க்கையில் ஒரு பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றது அது ஒன்றுதான்.

ஆயரைக் கூட்டிவருவதில் இருந்த சின்னச் சிக்கல், ஆயரை அந்த மறைமாவட்டத்தில் யாரும் பார்த்ததில்லை என்பது.

மாண்புமிகு ஃபுல்க் ஆண்டகை, அரசருடைய அலுவலகத்தில் முத்திரை அரக்கை இளக்குகிற வேலையில் சேர்ந்தவர். அரக்கு கொதிக்கவும் கூடாது, இறுகவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பதமாக ஊதவேண்டும். ஃபுல்க் ஊதினார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் ஊதிக்கொண்டே இருந்ததால் விவேகி என்று பெயர் வாங்கினார். அரசருக்குச் சம்பளம் கொடுக்கும் பழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாகக் கோயில்களைக் கொடுப்பார். கொடுப்பவருக்குச் செலவில்லை, வாங்குபவருக்கு வருமானம், இடையில் நஷ்டப்படுகிறவர் கடவுள். அவர் மனுப் போடுவதில்லை. இருபது வயதில் ஃபுல்க்குக்கு வடக்கே ஒரு பங்கு கிடைத்தது. முப்பதில் ஏழு பங்குகள், ஒன்றையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. பிறகு அரசருக்காக வெளிநாட்டுக்குத் தூது போனார். போரை நிறுத்தப் போனவர் திரும்பிவந்தபோது போர் இரண்டாகியிருந்தது. அதைப் பாராட்டி அவரை முத்திரைக் காப்பாளர் ஆக்கினார்கள். அதற்கேற்ற சம்பளமாக எல்ட்மின்ஸ்டர் மறைமாவட்டத்தைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை குருப்பட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆயர் பட்டம், திங்கள்கிழமை காலையில் மறுபடியும் அலுவலகம். பதினோரு ஆண்டுகள் ஆயின. எல்ட்மின்ஸ்டர் பேராலயம் கிழக்கே பார்க்கிறதா மேற்கே பார்க்கிறதா என்று கேட்டால் அவர் கோப்பைக் கொண்டுவரச் சொல்லுவார்.

ஹவிசா புகை போட்ட விலாங்கு நான்கு குச்சியை முதுகில் கட்டிக்கொண்டு ஆறு நாள் நடந்து வெஸ்ட்மின்ஸ்டர் போய்ச் சேர்ந்தாள்.

முத்திரை அலுவலகத்தில் அவளை முதலில் வரவேற்றது ஒரு ஜோடிச் செருப்பு. அந்த வருடம் அரண்மனையில் செருப்பின் மூக்கு நீளுகிற வருடம். பதவி எவ்வளவோ மூக்கு அவ்வளவு. உள்ளே பாசியை அடைத்து, நுனியில் சங்கிலி கட்டி, முழங்காலோடு சேர்த்து மாட்டியிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு யாராலும் மண்டியிட முடியாது என்பதால், அலுவலகக் குருமார்கள் அனைவருக்கும் செபத்தின்போது மண்டியிடுவதிலிருந்து விலக்கு அளித்து ஒரு ஆணை பிறந்திருந்தது. செருப்பு வந்து நின்று, கொஞ்ச நேரம் கழித்து அதன் உரிமையாளர் எழுத்தர் பிகோட்டும் வந்து சேர்ந்தார்.

"என்னம்மா வேணும்?"

"எல்ட்மின்ஸ்டர் ஆயரைப் பாக்கணும்ங்க."

"அவர் எல்ட்மின்ஸ்டர்ல இருக்கார்."

"அங்க இல்லீங்களே. பதினோரு வருஷமா இல்லை."

பிகோட் ஒரு ஆட்டுத்தோலை எடுத்து விரித்தார். "இது போன வாரம் வெளியான ஆணை. கடைசி வரி என்ன சொல்லுது தெரியுமா? 'எல்ட்மின்ஸ்டரில் நமது அரண்மனையில் நமது கையால் அளிக்கப்பட்டது.' முத்திரை இருக்கு பார். ஆயர் அங்கதான் இருக்கார்."

"அப்ப அதோ அந்த மேசையில கோழித் தொடை சாப்பிட்டுட்டு இருக்கறது யாரு?"

"முத்திரைக் காப்பாளர் ஃபுல்க்."

"ஆயர் பேரு?"

"ஃபுல்க் ஆண்டகை."

"ரெண்டும் ஒரே ஆளுதானே ஐயா?"

"உடம்பு ஒண்ணு," என்றார் பிகோட் பொறுமையாக. "பதவி ரெண்டு. ஆயர் இங்க இருக்கார்னு நீ சொன்னா, முத்திரை பொய் சொல்லுதுன்னு ஆகும். முத்திரை அரசரோடது. அரசர் பொய் சொல்றார்னு சொல்றியா? சொல்றதா இருந்தா அதுக்குத் தனி அறை இருக்கு, கீழே போகணும்."

ஹவிசா முதுகிலிருந்து ஒரு குச்சி விலாங்கை இறக்கி மேசைமேல் வைத்தாள். புகை வாசனை எழுந்தது. கோழித் தொடை நின்றது.

"பிகோட், யாரது?" என்றார் காப்பாளர்.

விஷயம் சொல்லப்பட்டது. காப்பாளருக்கு மனம் இளகியது. ஒரு ஏழைப் பெண்ணின் குறை உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டும் என்றார். அந்த அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்று காப்பாளருடையது, மற்றது ஆயருடையது. காப்பாளர் தன் மேசையிலேயே எழுதினார்: எல்ட்மின்ஸ்டர் ஆயர் அவர்கள் கார்ல்மியர் சென்று தீட்டுக் கழிக்குமாறு அன்போடு வேண்டுகிறோம். பிகோட் முத்திரை வைத்தார். காப்பாளர் சங்கிலிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து மற்ற மேசைக்குப் போய் உட்கார்ந்து, கடிதம் வருவதற்காகக் காத்திருந்தார். வந்தது. உடைத்துப் படித்தார். கண் கலங்கியது.

"போகத்தான் வேணும்," என்றார் ஆயர். "ஆனா அரசர் வேலையில இருக்கறவன், காப்பாளர்கிட்ட விடுப்புக் கேக்காம எப்படிப் போறது?"

விடுப்பு விண்ணப்பம் எழுதினார். முத்திரை வைக்கப்பட்டது. எழுந்து, நடந்து, பழைய மேசைக்கு வந்து, விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்தார்.

"யாரு இவர்? வேலை இவ்வளவு கிடக்கும்போது விடுப்புக் கேக்கறார்?" என்றார் காப்பாளர் கோபமாக. "நிராகரிக்கப்பட்டதுன்னு எழுது பிகோட்."

நிராகரிப்பு ஆயர் மேசைக்கு அனுப்பப்பட்டது. ஆயர் போய் உட்கார்ந்து படித்து, ஹவிசாவைப் பார்த்துக் கையை விரித்தார். "என்னால ஆனதைச் செஞ்சுட்டேன்மா. மேலிடம் ஒத்துக்கலை."

ஹவிசா சந்தையில் எத்தனையோ திருடர்களைப் பார்த்தவள். அழுகின மீனுக்கு மஞ்சள் பூச்சுப் போடுகிறவனைப் பார்த்திருக்கிறாள், தராசுக்கு அடியில் ஈயத்தை ஒட்டுகிறவனைப் பார்த்திருக்கிறாள். தன்னிடமே பொருளை விற்று, தன்னையே ஏமாற்றி, தன்னையே குறை சொல்கிற வியாபாரியை இன்றைக்குத்தான் பார்த்தாள். அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கை ஒரு விலாங்கைத் தேடியது. இங்கேயும் மூன்று சொட்டு விழுந்தால் ஆகிற செலவை நினைத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு கடையை விரிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஆண்டகை, ஒரு சந்தேகம். எல்ட்மின்ஸ்டர்ல நீங்க இல்லை. ஆனா தோல்ல எழுதினா இருக்கீங்க. சரிதானே?"

"சட்டப்படி, ஆமா."

"அப்படின்னா, கார்ல்மியருக்கு வந்தீங்க, மூணு சுத்து சுத்துனீங்க, தண்ணி தெளிச்சீங்கன்னு ஒரு தோல்ல எழுதிக் குடுங்களேன்."

பிகோட் மூச்சை இழுத்தார். "அம்மா, அது மோசடி!"

"எப்படி மோசடி? மேசைக்கு மேசை ஆண்டகை நடந்ததை நான் கேட்டேனா?"

ஃபுல்க் ஆண்டகை அவள் பக்கம் திரும்பினார். ஊதி ஊதிப் பழகிய உதடு குவிந்தது. "பிகோட், இந்த மாதிரி மூளை நம்ம அலுவலகத்துல ஏன் இல்லை?" என்றார். "வருஷத்துக்கு நாப்பது குச்சி விலாங்கு."

"நேர்ல வர்றவருக்குத்தான் நாப்பது. வராதவருக்கு எதுக்கு நாப்பது? உங்க கால்ல முள்ளு குத்துச்சா?"

"முப்பது. அரக்கு என்ன விலை விக்குது தெரியுமா?"

"எட்டு. அரக்கை நான் ஊதித் தர்றேன்."

பன்னிரண்டில் முடிந்தது. அவள் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஊரில் வாரின் சாமியார் அந்தத் தோலை முதலில் முத்தமிட்டார், பிறகு படித்தார். "'புனித சூசையப்பர்... இல்லை, புனித ஸ்விதின் திருநாளுக்கு முந்தின வியாழனன்று, நாமே நேரில் கார்ல்மியர் வந்து, வெறுங்காலோடு மும்முறை வலம் வந்து, தீட்டைக் கழித்து, முப்பது குதிரைகளோடும் பரிவாரத்தோடும் ஊராரின் மனமுவந்த உபசரிப்பை ஏற்றோம்.'"

"சாமி, அந்த வியாழக்கிழமை நாம எல்லாரும் இங்கதானே இருந்தோம்?" என்றான் கோயில்பிள்ளை தர்ஸ்டன். கோயில் மணியடிப்பதும் குழி வெட்டுவதும் அவன் வேலை. "ஒருத்தரும் வரலையே."

"முத்திரை இருக்கு."

"சரிங்க."

இரண்டு வாரம் கழித்து எல்ட்மின்ஸ்டரிலிருந்து வண்டிகள் வந்தன. ஆயர் ஓர் ஊருக்கு வந்தால் அவருடைய ஆட்களுக்குச் சாப்பாடும் குதிரைகளுக்குத் தீவனமும் அந்த ஊர் கொடுக்க வேண்டும். அது காலங்காலமான முறை. ஆயர் வந்தது ஆவணத்தில் இருக்கிறது. குதிரை முப்பது என்பதும் இருக்கிறது. தீவனம் கொடுத்ததற்கு மட்டும் அத்தாட்சி இல்லை. ஆகவே பாக்கி. ஹவிசா நடுத்தெருவில் நின்று கத்தினாள். குதிரையே வரவில்லை, ஓட்ஸை யார் தின்றது என்று கேட்டாள். வண்டிக்காரர் அமைதியாகச் சொன்னார்: "குதிரை வரலைன்னா ஆயர் வரலை. ஆயர் வரலைன்னா தீட்டுக் கழியலை. போன வாரம் ரெண்டு பேரைப் புதைச்சீங்களாமே, தோண்டி எடுத்துடலாமா?"

ஊர் ஓட்ஸைக் கொடுத்தது. வீட்டுக்கு ஆறு மரக்கால்.

இதற்குப் பிறகுதான் விசித்திரம். ஓட்ஸ் கொடுத்தவர்களுக்கு மெள்ள மெள்ள ஞாபகம் வர ஆரம்பித்தது. இத்தனை ஓட்ஸைச் சும்மாவா கொடுத்திருப்போம்?

"வெள்ளைக் குதிரை," என்றான் தர்ஸ்டன் பீர்க்கடையில். "நான்தான் கடிவாளத்தைப் பிடிச்சேன்."

"வெள்ளையா? சாம்பல்யா அது," என்றான் இன்னொருத்தன். "என் வேலியைத் தின்னுச்சு."

"என்னைப் பாத்துச் சிரிச்சாரு," என்றாள் அந்த முட்டைக்கோசு அம்மாள். "கண்ணுல அப்படி ஒரு கருணை."

ஆயரின் நிழல் பட்டு ஒருவனுக்கு முழங்கால் வலி போனது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஆயரின் ஆட்கள் நீள மூக்குச் செருப்புப் போட்டிருந்ததாக ஹவிசா வாய் தவறிச் சொல்லிவிட்டதால், ஊர் ஆண்கள் எல்லாரும் செருப்பு மூக்கை நீட்ட ஆரம்பித்தார்கள். தர்ஸ்டனுடையது ஒரு முழம். சதுப்பில் அதைப் போட்டுக்கொண்டு நடந்து வாரத்துக்கு இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். இடுப்பளவுச் சேற்றிலிருந்து இழுத்தெடுக்கும்போதும் சங்கிலி ஈரமாகிவிட்டதே என்றுதான் கவலைப்பட்டார்கள்.

ஆஸ்பெர்ட் ஒருவனுக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

"நான் உன்கிட்ட ஆயரைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்," என்றான் படுக்கையிலிருந்து. "நீ ஆட்டுத்தோலைக் கொண்டு வந்திருக்கே."

"யோவ், ஊரே பாத்தேங்குது."

"நீ பாத்தியா?"

ஹவிசா அவன் போர்வையை இழுத்துவிட்டாள்.

"பொய்யான மண்ணுல நான் படுக்கமாட்டேன். அந்தப் பிள்ளை பக்கத்துல படுத்துக்கிட்டு அவகிட்ட என்னன்னு சொல்றது?" இருமல் வந்தது. நெடுநேரம் இருமினான். "செப்டம்பர்னு சொன்னேன். நாள் இன்னும் இருக்கு."

எலும்பும் தோலுமாக, பிடிவாதத்தை மட்டும் தின்றுகொண்டு உயிரோடிருந்தான். சந்தையில் விட்டுக்கொடுத்ததற்கெல்லாம் சேர்த்து இங்கே இழுத்துப் பிடித்தான்.

செப்டம்பர் கடைசி வாரம், ஹவிசா கல்லறைத் தோட்டத்து வேலியருகே விலாங்குக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கிழப் பரதேசி வந்து நின்றார். கிழிந்த அங்கி, வெறுங்கால், அந்தக் கால் புழுதிக்கு அடியில் பால் மாதிரி வெளுப்பு. வெயிலையோ மண்ணையோ பதினோரு வருடம் பார்க்காத கால்.

"அம்மா, இது கார்ல்மியர்தானே? நான் இங்க வந்திருக்கேனாமே?"

அவள் தலை நிமிர்ந்தாள். பரதேசியின் உதடு குவிந்திருந்தது.

"ஆண்டகை?"

ஃபுல்க் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு விருந்தில் அவருடைய செருப்பு மூக்கு அரசருடையதைவிட அரை அங்குலம் நீண்டிருந்ததை யாரோ அளந்து சொல்லிவிட்டார்கள். அளந்தது பிகோட். முத்திரையைப் பிடுங்கி, செருப்பையும் பிடுங்கி, ராத்தங்க இடமில்லாமல் துரத்திவிட்டார்கள். ஆயர் பதவியை மட்டும் யாராலும் பிடுங்க முடியாதே என்று எல்ட்மின்ஸ்டருக்கு நடந்திருக்கிறார்.

"நகர வாசல்ல காவல்காரன் விடலை. 'நான்தான்டா ஆயர்'னேன். 'ஆயர் உள்ள இருக்கார், நேத்துக்கூட ஆணை வந்துச்சு'ங்கிறான். நான் எழுதின வாசகம்தான், எதை வெச்சு மறுக்கிறது?" என்றார். பிறகு மெதுவாக, "அந்தப் புகை போட்ட விலாங்கு இருக்கா?"

ஹவிசா அவரைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "இருக்கு. அதுக்கு முன்னாடி மூணு சுத்து."

ஒரு கதவுப் பலகையில் ஆஸ்பெர்ட்டைப் படுக்க வைத்து, ரெண்டு பெண்களைத் துணைக்குக் கூப்பிட்டு யூ மரத்தடிக்குத் தூக்கி வந்தாள். அவன் பரதேசியை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ ஆயரா, இல்லையா? சாகப் போறவன் கேக்கறேன்."

"ஆயர்தான்பா," என்றார் ஃபுல்க். அவர் வாழ்க்கையில் முத்திரை இல்லாமல் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். "ஆனா இந்தச் சடங்கை நான் செஞ்சதே இல்லை. மந்திரம் தெரியாது."

"தெரிஞ்சதைச் சொல்லு. நட."

நடந்தார். முள் குத்தியது, கல் குத்தியது, ஒவ்வொன்றுக்கும் முனகினார். வாளித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த ஒரே லத்தீனான, கம்பளி ஏற்றுமதிக்கு வரி விலக்கு அளிக்கும் ஆணையை மனப்பாடமாகச் சொன்னார். ஆமென் மட்டும் சரியான இடத்தில் விழுந்தது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவது முடிகிற நேரத்துக்கு ஊரே திரண்டுவிட்டது.

"யாருடா இவன்? மந்திரிச்ச மண்ணுல வந்து மந்திரிக்கறான்!"

"நான் ஆயர்," என்றார் ஃபுல்க்.

"ஆயரா?" தர்ஸ்டன் ஒரு முழச் செருப்போடு தடுமாறி முன்னால் வந்தான். "ஆயரோட குதிரையை நான் பிடிச்சவன்டா! அவர் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"இவரு கண்ணுல கருணையே இல்லையே," என்றாள் முட்டைக்கோசு அம்மாள்.

தர்ஸ்டன் கையை ஓங்கினான். ஹவிசா பாய்ந்தாள், எட்டவில்லை. பொத்தென்று விழுந்தது அடி. ஆண்டகையின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு. இன்னொன்று. இன்னொன்று.

வாரின் சாமியார் மண்டியிட்டு விரலை நீட்டினார். "மூ..."

"சாமி, எண்ணாதீங்க!" ஹவிசா வேலியோரத்துக் கூடையிலிருந்து இன்னும் உப்புப் போடாத ஒரு உயிர் விலாங்கை உருவி, ரத்தம் விழுந்த இடத்திலேயே வைத்துத் தலையை ஒரே வெட்டாக வெட்டினாள். ரத்தம் பரவியது. "இப்ப எண்ணுங்க. எது மீன் ரத்தம், எது மனுஷ ரத்தம்னு பிரிச்சுச் சொல்லுங்க. பிரிச்சாக்க மறுபடியும் ஆயர் வரணும். ஆயர் வந்தா குதிரை வரும். வீட்டுக்கு ஆறு மரக்கால். தர்ஸ்டன், அடிச்சது நீ, உனக்குப் பன்னெண்டா வெச்சுக்கலாமா?"

தர்ஸ்டன் குனிந்து பார்த்தான். "எனக்கென்னமோ மீன் ரத்தமாத்தான் தெரியுது."

"மீன்தான்," என்றது ஊர்.

வாரின் சாமியார் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எழுதி வெச்சுடுவோம்," என்றார். எழுதினார்: இன்று இவ்விடத்தில் மனித ரத்தம் எதுவும் சிந்தவில்லை. ஊரார் ஒவ்வொருவராக வந்து சிலுவைக் குறி போட்டார்கள். சாட்சியாகப் பரதேசியும் போடவேண்டும் என்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு பேனாவை வாங்கிய ஃபுல்க், பழக்கத்தில் பெயரை எழுதப் போனார். "அதெல்லாம் வேணாம், குறி போதும்," என்றார் சாமியார். "பேர் தெரியாத ஆள்னு மேல எழுதிட்டேன்." அவர் குறி போட்டார்.

பலகையில் கிடந்த ஆஸ்பெர்ட்டுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமானது.

"ஏண்டி, இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமேடி. கையில மீன் இருந்துச்சே."

"அப்ப நான் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகலையேய்யா," என்றாள் ஹவிசா.

செப்டம்பர் முப்பதாம் தேதி அவன் போனான். சொன்ன கெடு தவறவில்லை. மேபில் பக்கத்திலேயே வைத்தார்கள். ஹவிசா அன்றைக்கு யாரிடமும் விலை கேட்கவில்லை. சாயங்காலம் அவன் புல் வெட்டுகிற அரிவாளை எடுத்துத் துடைத்து மாட்டினாள்.

ஃபுல்க் ஊரிலேயே தங்கிவிட்டார். ஹவிசாவின் கூடைகளைச் சுமந்தார், புகைமூட்ட அடுப்பை ஊதினார். அது அவருக்கு நன்றாக வந்தது. தோட்டத்துக்கு வெளியே ஒரு குடிசையும் போட்டுக்கொண்டார். ஊர் அவரை 'மூக்கு' என்று கூப்பிட்டது.

அடுத்த தவக்காலத்தில் எல்ட்மின்ஸ்டர் வண்டிகள் மறுபடி வந்தன. வாரின் சாமியாருக்குக் கண் பழுதாகியிருந்ததால், "மூக்கு, நீதான் கொஞ்சம் எழுத்துத் தெரிஞ்சவன், படி," என்றார்கள். ஃபுல்க் தோலை விரித்தார். எழுத்து பிகோட்டுடையது. முத்திரை ஃபுல்க்கிடமிருந்து பிடுங்கியது.

"'ஃபுல்க், கடவுள் அருளால் எல்ட்மின்ஸ்டர் ஆயர்,'" என்று படித்தார். "'கார்ல்மியரின் அன்பான உபசரிப்பை மறவாத நாம், சென்ற மாதம் மீண்டும் நேரில் வந்து, நாற்பது குதிரைகளோடு...'"

"ஆமாமா," என்றான் தர்ஸ்டன். "போன தடவையைவிடச் சதை போட்டிருந்தார்."

"பாவம், மூச்சு வாங்குச்சு அவருக்கு," என்றாள் முட்டைக்கோசு அம்மாள்.

வீட்டுக்கு எட்டு மரக்கால். ஹவிசா தன் பங்கை அளந்து போட்டாள். அவள் பேசாமல் கொடுத்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. வண்டிக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஃபுல்க்கின் குடிசையைக் காட்டினார். "அதுவும் ஒரு வீடுதானே?"

"ஐயா, நான் கூடை தூக்கிப் பொழைக்கிறவன்," என்றார் ஃபுல்க். "எட்டு மரக்காலுக்கு எங்க போவேன்? ஏதாவது சலுகை உண்டா?"

வண்டிக்காரருக்கு மனம் இளகியது.

"ஒரு மனு எழுதிக் குடு பெரியவரே," என்றார். "ஆயருக்கு. ரொம்ப நல்ல மனுஷன், கட்டாயம் கவனிப்பார்."